ஊர் மாற்றம், பள்ளி மாற்றம், புதுப் பாப்பா: மூன்றும் ஒரே சமயத்தில் வந்தால் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

உசிலைத் தோழி | ஏப்ரல் 16, காலை 10:05

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மே கடைசியில் மதுரை ஆனையூருக்குக் குடிவருகிறோம். பெரியவன் அஞ்சாப்பு முடிக்கிறான், ஜூனில் ஆறாப்பு. சின்னவளுக்கு மூன்றரை வயது; அங்கன்வாடியை விட்டு எல்.கே.ஜி. போகணும். ஆவணியில் அடுத்த பாப்பா. பிள்ளைகளிடம் எதை எப்போது சொல்வது, எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடக்கூடாது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பிள்ளைமனம் (குழந்தைகள் ஆலோசகர்) | ஏப்ரல் 16, மதியம் 1:40

தோழி, முதலில் ஒரு காலண்டரை எடுத்து மாற்றங்களை அதில் குறியுங்கள். நீங்கள் மூன்று சொல்லியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் இன்னும் இருக்கும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவீர்களா? போனால் அது நான்காவது. சின்னவள் இன்னும் தூளியில் தூங்குகிறாளா, புட்டிப்பால் குடிக்கிறாளா? "புது வீட்டுக்குப் போனதும் நிறுத்திடலாம்" என்று மனசில் வைத்திருந்தால் அது ஐந்தும் ஆறும்.

ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது மூன்று நான்கு வாரம் இருக்கட்டும். மே கடைசியில் குடிபோய் ஜூன் முதல் வாரத்தில் பள்ளி என்றால் அந்த இடைவெளியே கிடையாது. பரீட்சை முடிந்ததும் மே முதல் வாரத்திலேயே வந்துவிட முடியுமா பாருங்கள். பள்ளி திறப்பதற்குள் தெரு பழகிவிடும், மளிகைக்கடைக்காரர் முகம் தெரிந்துவிடும், ராத்திரி எந்தப் பக்கம் பாத்ரூம் என்று தூக்கக் கலக்கத்திலும் கால் போகும். தள்ளிப்போட்டால் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். ஆவணிக்குத் தள்ளினால் பிரசவமும் காலாண்டுத் தேர்வும் சேர்ந்துகொள்ளும். ஆக மே முதல் வாரம்தான்.

எப்போது சொல்வது? பெரியவனுக்கு இன்றைக்கே. பத்து வயசுப் பிள்ளை இதைத் திண்ணைப் பேச்சில் கேட்டுத் தெரிந்துகொண்டால், "என்கிட்ட மறைச்சுட்டாங்க" என்பதுதான் வீடு மாறுவதைவிடப் பெரிசாக வலிக்கும். "போகலாமா வேண்டாமா" என்று அவனிடம் கேட்காதீர்கள். அது முடிவான விஷயம். அவன் முடிவு செய்யக்கூடியதை மட்டும் கேளுங்கள்: அவன் சாமான் எந்த அலமாரியில், படுக்கை ஜன்னல் பக்கமா சுவர் பக்கமா.

சின்னவளுக்குப் பத்து நாள் முன்பு சொன்னால் போதும். மூன்றரை வயதுக்கு "அடுத்த வாரம்" என்றால் ஒன்றும் புரியாது. ஒரு டம்ளரில் பத்துப் புளியங்கொட்டை போட்டு வையுங்கள். தினமும் காலையில் எழுந்ததும் அவளே ஒன்றை எடுக்கட்டும். "இன்னும் அஞ்சு தூக்கம் தூங்கினா புது வீடு." டம்ளர் காலியாகும் அன்று வண்டி வரணும். வண்டி தள்ளிப்போனால் உடனே சொல்லி, கொட்டையை அவள் கண் முன்னாலேயே கூட்டிப் போடுங்கள்.

அங்கன்வாடி அக்கா | ஏப்ரல் 16, மாலை 6:15

தூளி பத்தி ஆலோசகர் சொன்னது ரொம்ப முக்கியம். நகரத்து வாடகை வீட்டுல உத்திரம் இருக்காது, தளத்துல கொக்கி இருந்தாலும் அது ஃபேன் மாட்டப் போட்டதா, பாரம் தாங்குமான்னு பார்க்காம கட்டாதீங்க. முன்பணம் குடுக்கப் போற அன்னைக்கே அண்ணாந்து பாருங்க. கொக்கி இல்லைன்னா, இப்பவே பழைய வீட்டுலயே பாய்க்கு மாத்த ஆரம்பிங்க. தூளிச் சேலையையே நாலா மடிச்சுப் பாயில விரிச்சு, முதல் வாரம் பகல் தூக்கம் மட்டும் கீழே. அடுத்த வாரம் ராத்திரியும். ஆட்டுறதுக்குப் பதிலா முதுகுல அதே தாளத்துல தட்டுங்க. அந்தச் சேலையை வீடு மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு பத்து நாள் துவைக்காதீங்க. வாசனைதான் பிள்ளைக்கு வீடு.

புட்டி நிறுத்துறது, தனியாப் படுக்க வைக்கிறது எல்லாம் இந்த ஆறு மாசத்துல வேணாம்.

எல்.கே.ஜி.க்கு வீட்டுலயே பழக்க வேண்டியது ஏ, பி, சி, டி இல்லைங்க. இதுதான்:

டிபன் டப்பா. புதுசா வாங்குற எவர்சில்வர் டப்பால பக்கத்துக் கிளிப் விறைப்பா இருக்கும், மூணரை வயசு விரலுக்கு மசியாது. திறக்க முடியாத பிள்ளை கேக்கவும் கூச்சப்பட்டு, சோறு அப்படியே திரும்பி வரும். வீட்டுல "சாப்பாடு பிடிக்கலையா"ன்னு திட்டு விழும். கடையிலேயே பிள்ளை கையில குடுத்து, மூணு தடவை திறந்து மூடச் சொல்லி வாங்குங்க. திருகு மூடித் தண்ணி பாட்டிலும் அப்படித்தான். மே மாசம் முழுக்க வீட்டுலயும் அந்த டப்பாலேயே ஒரு வேளை சாப்பிடட்டும்.

உடுப்பு. நாடா, கொக்கி வேணாம், எலாஸ்டிக் போதும். தானா இறக்கி ஏத்தத் தெரியணும்.

சொல். "ஒண்ணுக்கு வருது, ரெண்டுக்கு வருது"ன்னு பெரியவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும். வீட்டுக்குள்ள வச்சிருக்கிற செல்லச் சொல் ஆயாம்மாவுக்குப் புரியாது. இங்கிலீஷ் மீடியமா இருந்தாலும் ஆயாம்மாகிட்ட தமிழ்லயே கேக்கலாம்னு பிள்ளைகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. "இங்கிலீஷ்லதான் கேக்கணும்"னு பயந்தே ஈரமாக்கிக்கிற பிள்ளைங்க உண்டு.

அப்புறம், சேட்டை பண்ணும்போது "இரு, ஸ்கூலுக்குப் போனா டீச்சர் அடிப்பாங்க"ன்னு சொல்ற பழக்கத்தை இன்னைக்கோட விட்டுடுங்க. டீச்சரைப் பூச்சாண்டி ஆக்கிட்டு, ஜூன்ல அதே பூச்சாண்டிகிட்ட விட்டுட்டு வந்தா பிள்ளை கத்தாம என்ன செய்யும்?

வைகைக்கரை | ஏப்ரல் 16, இரவு 8:50

என் கருத்து கொஞ்சம் வேறு. பள்ளியில் விடும்போது சொல்லிவிட்டுக் கிளம்பினால்தான் அழுகை கூடுகிறது. பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவிவிட்டால் பிள்ளை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். ஏன் சிக்கலாக்க வேண்டும்?

அங்கன்வாடி அக்கா | ஏப்ரல் 16, இரவு 9:30

அண்ணே, அன்னைக்கு அழுகை குறையும், வாஸ்தவம். மறுநாள் என்ன ஆகும்னு பாருங்க. திரும்பிப் பார்த்தா அம்மா இல்லைன்னு ஒரு தடவை தெரிஞ்ச பிள்ளை, அதுக்கப்புறம் வீட்டுலயும் முந்தானையை விடாது. அடுப்படிக்குப் போனாலும் பின்னாடியே வரும், ராத்திரி முழிச்சு முழிச்சுத் தடவிப் பார்க்கும்.

செய்ய வேண்டியது இப்படி. பள்ளியில அனுமதி கேட்டு, முதல் ரெண்டு நாள் ஒரு மணி நேரம் மட்டும், அம்மா வகுப்பு வாசல்ல. மூணாவது நாள் அம்மா கேட்டுக்குப் பக்கத்துல, பிள்ளைக்குத் தெரியுற இடத்துல. நாலாவது நாள்லேருந்து ஒரே மாதிரி விடை: ஒரு முத்தம், ஒரே வாக்கியம். "சோறு சாப்பிட்டு மணி அடிச்சதும் அம்மா வருவேன்." ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்காதீங்க, திரும்பி வந்து எட்டிப் பார்க்காதீங்க. மணி அடிக்கும்போது நீங்க கேட்டுல இருக்கணும். முதல் ரெண்டு வாரம் பத்து நிமிஷம் தாமதமாப் போனாக்கூட அதுவரைக்கும் கட்டினது சரிஞ்சிடும். திங்கக்கிழமை அழுகை திரும்ப வரும், லீவு முடிஞ்சும் வரும். அதுக்காகப் பயப்பட வேணாம். "அழாம இருந்தா சாக்லேட்"னு மட்டும் பேரம் பேசாதீங்க. அழலாம், அழுதாலும் அம்மா வருவாங்க. பிள்ளைக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

ஆறாப்பு டீச்சர் | ஏப்ரல் 17, காலை 7:20

எல்லாரும் சின்னவளைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்குக் கவலை பெரியவன் மேல்தான். சின்னவள் அழுது காட்டிவிடுவாள். அவன் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வைத்துக்கொள்வான்.

ஐந்திலிருந்து ஆறு என்பது பெரிய தாண்டல். தொடக்கப்பள்ளியில் நாள் முழுக்க ஒரே டீச்சர், அவன் முகம் வாடினால் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர், முக்கால் மணிக்கு ஒருமுறை ஆள் மாறும். அங்கே பள்ளியிலேயே மூத்தவன். இங்கே பிளஸ் டூ அண்ணன்களுக்கு நடுவில் ஆகச் சின்னவன்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம்ம நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான திட்டம். பள்ளியில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுப் பழகின பிள்ளை, ஜூனில் வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறது. முதல் மாதத்தில் பதினோரு மணிக்குத் தலைவலி, கவனமின்மை என்று வரும் புகாரில் பாதி பசிதான். புதுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் காலை உணவு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மே மாதமே வீட்டில் காலை ஏழரைக்குச் சாப்பிடும் பழக்கத்தைக் கொண்டு வாருங்கள்.

பாடவேளைப் பழக்கம்: மே கடைசி வாரம் ஒரு கால அட்டவணை எழுதி ஒட்டி, ராத்திரியே மறுநாள் நோட்டுகளை எடுத்து வைக்கப் பழக்குங்கள். எல்லா நோட்டையும் தினமும் சுமக்கும் பிள்ளைகள் பயத்தால்தான் சுமக்கிறார்கள். பாடத்துக்கு ஒரு நிறத்தில் அட்டை போட்டால் தேடுவது மிச்சம்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றுவதாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். ஊர், வீடு, நண்பர்கள் எல்லாம் மாறும்போது மொழியும் மாறினால், கெட்டிக்காரப் பிள்ளையும் "எனக்கு ஒண்ணும் தெரியலை" என்று சுருண்டுவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கோடையில் டியூஷன் வேண்டாம். கணக்கிலும் அறிவியலிலும் முப்பது நாற்பது சொற்கள் போதும்: பின்னத்துக்கு ஃபிராக்‌ஷன், தொகுதிக்கு நியூமரேட்டர், பகுதிக்கு டினாமினேட்டர், மீதிக்கு ரிமைண்டர், பரப்பளவுக்கு ஏரியா. தெரிந்த கணக்கையே புதுச் சொல்லோடு போடச் சொல்லுங்கள். கணக்கு தெரியும், பெயர்தான் புதுசு என்று புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதைப் பார்க்கிறார்கள். கல்லூரி போகும் பையன்களுக்காக 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான். தனியார் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

உசிலைத் தோழி | ஏப்ரல் 17, காலை 11:00

ரொம்ப நன்றி டீச்சர். அரசுப் பள்ளி, தமிழ் வழிதான் யோசித்திருக்கிறோம். டி.சி. வாங்குவதில் இழுத்தடிப்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். நடுவில் பையன் அலைக்கழிக்கப்படக் கூடாது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதாகத்தான் திட்டம், பேரையூர். சின்னவளை அவள் அப்பாவோடு விட்டுவிட்டுப் போகலாமா?

ஆறாப்பு டீச்சர் | ஏப்ரல் 17, மதியம் 12:45

டி.சி. கையில் வாங்கினால் மட்டும் போதாது. பழைய பள்ளி எமிஸ் தளத்தில் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) பையன் பெயரை விடுவித்து "காமன் பூல்" என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் புதுப் பள்ளி எடுக்க முடியும். ஜூனில் அட்டெண்டன்ஸில் பெயர் ஏறாமல் நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். டி.சி. வாங்கும்போதே எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, "பூலுக்கு அனுப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஆதார், சாதிச் சான்று, பிறப்புச் சான்று நகல் இரண்டிரண்டு வையுங்கள். எட்டாம் வகுப்பு வரை அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு மாறும்போது டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அது. சந்தேகம் வந்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

இந்த வேலைக்குப் பையனையும் அழைத்துப் போங்கள், ஆனால் அவனை வராண்டாவில் நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் சண்டை போடாதீர்கள்.

பிள்ளைமனம் (குழந்தைகள் ஆலோசகர்) | ஏப்ரல் 17, மதியம் 2:30

பேரையூர் விஷயம்: வேண்டாம் தோழி. சின்னவள் பக்கம் நின்று பாருங்கள். மே மாதம் ஊர் போச்சு. ஜூனில் பகல் முழுக்க அம்மா இல்லை. ஆடி வாக்கில் அம்மாவே இல்லை. திரும்பி வரும்போது அம்மா மடியில் வேறொரு பிள்ளை. பாப்பாவால்தான் அம்மா போனாள் என்று அவள் கணக்குப் போடுவாள்.

உங்கள் அம்மா ஆனையூர் வந்து தங்க முடிந்தால் அதுதான் முதல் வழி. வழக்கப்படி போயே ஆக வேண்டும் என்றால் சின்னவளையும் கூட்டிப் போங்கள், எல்.கே.ஜி.யை அதற்குப் பிறகு தொடங்கலாம். மூன்றரை வயதில் ஐந்தாறு மாதம் தள்ளிப்போவதில் எந்தப் படிப்பும் கெடாது. பெரியவன் அப்பாவோடு இருக்கட்டும், ஆனால் தினமும் ஒரே நேரத்தில் போன். ஏழரை என்றால் ஏழரை.

அவளுடைய படுக்கும் இடத்தை மாற்றுவதாக இருந்தால் பாப்பா வருவதற்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பாப்பா வந்த அன்று மாற்றினால் அவள் இடத்தைப் பாப்பா பிடுங்கினதாகிவிடும். ஆஸ்பத்திரியில் அவள் முதல்முறை வரும்போது பாப்பா தொட்டிலிலோ பாட்டி கையிலோ இருக்கட்டும், உங்கள் கை காலியாக இருக்கணும். முதலில் அவளை அணைத்துவிட்டுப் பிறகு பாப்பாவைக் காட்டுங்கள்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "இனிமே உனக்கு மவுசு போச்சு", "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்பதெல்லாம் நமக்கு வேடிக்கை. அந்த வயதுப் பிள்ளை அப்படியே நம்பும். சித்தப்பா சொன்னாலும் சரி, தாத்தா சொன்னாலும் சரி, அங்கேயே நிறுத்தி "இல்லை, நீ எங்க வயித்துப் பிள்ளை" என்று அவள் காதுபடச் சொல்லுங்கள். தினமும் பதினைந்து நிமிடம், பாப்பா தூங்கும்போது, அவள் கேட்கிற விளையாட்டு. கையில் செல்போன் வேண்டாம்.

ஸ்கூல் ஆட்டோ மதுரை | ஏப்ரல் 17, மாலை 5:10

அக்கா, ஆட்டோ, வேன் வைக்கிறதா இருந்தா பள்ளி திறக்கிறதுக்கு முந்தின வாரம் ஓட்டுறவரை வீட்டுக்கு வரச் சொல்லி பிள்ளைக்கு முகத்தைக் காட்டுங்க. வீட்லருந்து பள்ளிக்கு ரெண்டு தடவ அதே வழியில கூட்டிட்டுப் போங்க. முத தடவ நீங்க வழி சொல்லுங்க, ரெண்டாவது தடவ பிள்ள சொல்லட்டும்: இங்க டீக்கடை, இங்க வேப்பமரம், இங்க திரும்பணும். முத மாசம் உக்கார்ற இடத்த மாத்த வேணாம்னு டிரைவர்கிட்ட சொல்லிருங்க. சாயங்காலம் யார் வந்து இறக்கிக்குவாங்கன்னு ஒரே ஆளா வைங்க. ஆள் மாறுனா காலையிலேயே பிள்ளைகிட்டயும் டிரைவர்கிட்டயும் சொல்லிரணும். பிள்ளைக்குத் தெரியாத ஆள் கேட்டா நாங்க குடுக்கக் கூடாது. ரெண்டு போன் நம்பர் எழுதுன சீட்டு பைக்கு உள்பக்கம், வெளியில வேணாம். கிராமத்துப் பிள்ளைக்கு டிராபிக் புகையில வாந்தி வரும். கிளம்புறதுக்கு முக்கால் மணி முன்னாடி ரெண்டு இட்லி குடுங்க, பால் மட்டும் வேணாம்.

செல்லூர் குழந்தை மருத்துவர் | ஏப்ரல் 17, இரவு 10:15

உடம்புப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

மலச்சிக்கல். வீடு மாறிய பிள்ளைகளிடம் அடிக்கடி வருவது, யாரும் கவனிக்காதது. பழகின கழிவறை மாறியதும் அடக்குவார்கள். பள்ளிக் கழிவறை பிடிக்காமல் காலையிலிருந்து மாலை வரை அடக்குவார்கள், தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். நாலைந்து நாளில் மலம் இறுகி, போனால் வலிக்கும், வலிப்பதால் மேலும் அடக்குவார்கள். மிகவும் இறுகினால் அதைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் படும்; பெற்றோர் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்துவிடுகிறார்கள். புது வீட்டில் மேற்கத்திய கழிவறை என்றால் கால் தொங்கக் கூடாது. ஒரு குட்டி ஸ்டூலோ கவிழ்த்த பக்கெட்டோ போட்டு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி வையுங்கள். காலை உணவு முடிந்த பத்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துவிடலாம். கொய்யா, பப்பாளி, கீரை, நிறையத் தண்ணீர்.

படுக்கையை நனைத்தல். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைத்தால் மனக்கலக்கம் காரணமாக இருக்கலாம், ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் இரண்டும் காரணமாகும். அதோடு அதிக தாகம், எடை குறைதல் இருந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். திட்டாதீர்கள், அடுத்தவர் முன் சொல்லாதீர்கள்.

தூக்கம். மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேரம், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். மே முழுக்க பதினொரு மணிக்குப் படுத்துவிட்டு, ஜூன் முதல் நாள் ஆறு மணிக்கு எழுப்பினால் அன்றைய அழுகையில் பாதி தூக்கக் கலக்கம்தான். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே இரண்டு நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் முன்னே கொண்டு வாருங்கள்.

வயிற்றுவலி காலையில் மட்டும், பள்ளி நாளில் மட்டும் வந்து, விடுமுறையில் காணாமல் போனால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அது நடிப்பு இல்லை, வலி உண்மையானது. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சல், வாந்தி, எடை இழப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் மூன்று நான்கு வாரம் ஒட்டிக்கொள்வது, மழலைக்குத் திரும்புவது, சட்டென்று கோபம் எல்லாம் வரும், குறையும். நான்கு வாரம் தாண்டியும் கூடிக்கொண்டே போனாலோ, பேச்சு நின்றாலோ, சாப்பாடு குறைந்து மெலிந்தாலோ, "நான் செத்துப் போறேன்" என்று பெரியவன் ஒருமுறை சொன்னாலும்கூட, காத்திருக்காதீர்கள். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

வைகைக்கரை | ஏப்ரல் 18, காலை 8:30

அங்கன்வாடி அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இன்னொரு கேள்வி. பழைய ஊருக்குச் சனி ஞாயிறு கூட்டிப் போகலாமா? போகவே கூடாது, அப்போதுதான் புது இடம் ஒட்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பிள்ளைமனம் (குழந்தைகள் ஆலோசகர்) | ஏப்ரல் 18, காலை 9:55

முழுசாக வெட்டிவிட்டால் ஒட்டாது, ஏக்கம்தான் வளரும். வாரா வாரம் போனாலும் புதுத் தெருவில் ஒரு சிநேகிதமும் பிடிக்காது. முதல் இரண்டு வாரம் போகாமல் இருங்கள். மூன்றாவது வாரத்துக்கு ஒரு தேதியை முன்பே காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். பிறகு மாதம் ஒருமுறை. ஊர்ப் பொங்கல், திருவிழாத் தேதிகளையும் பெரியவனே குறிக்கட்டும். அவனுடைய இரண்டு சிநேகிதர்கள் வீட்டு போன் எண்ணைக் கிளம்புவதற்கு முன்னால் அவன் கையெழுத்தில் நோட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

வீட்டில் ஆடு, நாய் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். "அப்புறம் கூட்டிட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டு விற்காதீர்கள். யாரிடம் விடுகிறோம் என்று சொல்லி, அவர்கள் கையில் கயிற்றைப் பிள்ளையே கொடுக்கட்டும். அழுவான். அழ வேண்டிய இடம் அது.

அங்கன்வாடி அக்கா | ஏப்ரல் 18, காலை 11:20

குடிபோற அன்னைக்குப் பண்ண வேண்டியதையும் சொல்லிடறேன். பிள்ளைங்க சாமானைக் கடைசியா கட்டுங்க, முதல்ல பிரிங்க. ஒரே அட்டைப்பெட்டி: பாய், தூளிச்சேலை, தட்டு, டம்ளர், ரெண்டு பொம்மை, பெரியவனோட கிரிக்கெட் மட்டை. அது லாரியில வேணாம், உங்க கூடவே வரட்டும். நிலைப்படியில உயரம் குறிச்ச கோடு இருந்தா அழிஞ்சு போச்சுன்னு விட்டுடாதீங்க. ஒரு நீளத் துணி நாடாவைத் தரையிலிருந்து பிடிச்சு, கோடு இருக்கிற இடத்துல எல்லாம் பேனாவுல அடையாளம் வச்சுச் சுருட்டி எடுத்துக்கோங்க. புது வீட்டுல அதே நாடாவைத் தொங்கவிட்டு, அன்னைக்கே ஒரு கோடு போடுங்க.

பால் காய்ச்சும்போது பெரியவன் அரிசிப் படியைத் தூக்கிட்டு வரட்டும், சின்னவ உப்பும் மஞ்சளும். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு பழைய வீட்டுல எது வழக்கமோ அதே. ரசஞ்சோறுன்னா ரசஞ்சோறு. முதல் ஒரு வாரம் எல்லாரும் ஒரே அறையில படுங்க. பாத்ரூம் விளக்கு எரியட்டும்.

உசிலைத் தோழி | ஏப்ரல் 18, மாலை 4:40

எல்லாருக்கும் நன்றி. மே 5 வாக்கில் வரப் பார்க்கிறோம். அம்மாவை ஆனையூருக்கே வரச் சொல்லிப் பேசிவிட்டேன், வருகிறேன் என்றார்கள். பெரியவனிடம் இன்று ராத்திரி சொல்லப்போகிறேன். ஒன்று மட்டும்: அவன் "நான் வரமாட்டேன், தாத்தாவோட இருக்கேன்" என்றால் என்ன சொல்வது?

ஆறாப்பு டீச்சர் | ஏப்ரல் 18, மாலை 5:25

உடனே பதில் சொல்லாதீர்கள். "தாத்தாவை விட்டுட்டு வர்றது கஷ்டமாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அங்கே பெரிய வீடு, சைக்கிள் வாங்கித் தருவேன் என்று ஆசை காட்ட வேண்டாம். மறுநாள் அவனே ஏதாவது கேட்பான்: ஸ்கூல்ல கிரவுண்டு இருக்கா, தாத்தா எப்போ வருவார். அதற்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். கிரவுண்டு இருக்கா என்று தெரியாவிட்டால், சனிக்கிழமை அவனையே கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.